நள்ளிரவில் இழுபட்ட நங்கூரம்: படகில் வாழும் தம்பதியர் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு உருவான விதம்

சொந்தப் பாய்மரப் படகிலேயே குடியிருந்து, கரையோரத் தீவுகளுக்கிடையே பயணம் செய்துவந்த ஒரு தம்பதியருக்கு ஓர் இரவில் நேர்ந்ததை இங்கே தொடக்கம் முதல் பதிவு செய்கிறேன். படகின் பயணக் குறிப்பேடு, வழிகாட்டும் கருவியில் தானாகப் பதிவாகியிருந்த தடம், இருவரிடமும் நான் நடத்திய நீண்ட உரையாடல்கள் ஆகியவையே இதற்கு ஆதாரம். இருவரின் ஒப்புதலும் இதற்கு உண்டு. உரையாடல்களைத் தனித்தனியாகவே நடத்தினேன். சேர்ந்து அமர்ந்திருக்கும்போது ஒருவர் சொல்வதில் சிறு பிழை இருந்தாலும் மற்றவர் திருத்தாமல் விட்டுவிடுவது வழக்கம். இந்த நிகழ்வின் தொடக்கமும், இருவரும் ஒரே பொருளில்தான் பேசிக்கொள்கிறோம் என்று எண்ணி விசாரிக்காமல் விட்ட ஒரு சொல்லில்தான் இருந்தது.

பின்னணி

இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். வேலையிலிருந்து விலகிப் படகுக்கு வந்து இரண்டாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. படகு 11 மீட்டர் நீளமுடையது. அதன் அடிப்பகுதி நீர்மட்டத்திலிருந்து 1.8 மீட்டர் ஆழம் வரை இறங்கும். 50 மீட்டர் சங்கிலியும் அதன் தொடர்ச்சியாக 30 மீட்டர் நைலான் கயிறும், கலப்பை வடிவில் 20 கிலோ எடையுள்ள ஒரு நங்கூரமும், சங்கிலியை இழுக்க மின்சாரச் சுழலியும் இருந்தன. ஒரு தீவின் ஒதுக்கில் இரண்டு மூன்று நாள் தங்குவது, காற்று திரும்பினால் அடுத்த தீவுக்குப் போவது, நீர்த்தொட்டி காலியாகும்போது ஏதேனும் துறைமுகத்தில் ஒதுங்குவது என்று அவர்களுடைய நாட்கள் கழிந்தன. முந்தைய 14 மாதங்களில் ஏறத்தாழ 200 இரவுகளை நங்கூரத்தில் கழித்திருந்தார்கள். அனுபவமற்றவர்கள் என்று அவர்களை ஒருபோதும் சொல்ல முடியாது.

படகில் வேலைகள் தாமாகவே பிரிந்திருந்தன. இயந்திரம், வானொலி, வரைபடம், சுக்கான் ஆகியவை கணவருடையவை. நங்கூரமும் சங்கிலியும், உணவுப்பொருள் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, அழுத்தமானியைப் பார்த்து வானிலையைக் குறித்துவைப்பது ஆகியவை மனைவியுடையவை. நங்கூரம் இடும்போது அவர் படகின் முன்முனையான அணியத்தில் நின்று சுழலியை இயக்குவார். கணவர் பின்னே சுக்கானில் நின்று ஆழத்தைச் சத்தமாகச் சொல்வார். இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. முதல் வாரத்தில் யார் எங்கே நின்றார்களோ, அங்கேயே 14 மாதங்களும் நின்றுவிட்டார்கள்.

அன்று மாலை

மாலை 5:40க்கு, தெற்கே தீவு மறைவாகவும் வடமேற்கே திறந்தும் இருந்த ஒரு குடாவில் நங்கூரம் இட்டார்கள். அப்போது தென்தென்மேற்கிலிருந்து மெல்லிய காற்று வீசிக்கொண்டிருந்தது. இரவு 15 நாட் (மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ.) வரை கூடும் என்றும், விடியற்காலையில் குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்து காற்று வடமேற்குக்குத் திரும்பும் என்றும் வானிலை அறிவிப்பு சொல்லியிருந்தது. குடாவில் ஏற்கெனவே இரண்டு படகுகள் நின்றிருந்தன. நங்கூரம் விழுந்த இடத்திலிருந்து தென்கிழக்கே 200 மீட்டரில் ஒரு பாறைத்திட்டு இருந்தது.

கடல் வற்றி முடிந்து 20 நிமிடமே ஆகியிருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் வெள்ளம் உச்சிக்கு வரும்; அதற்குள் நீர்மட்டம் 2.6 மீட்டர் உயரும். ஆழமானி 4.2 என்று காட்டியது. கணவர் "நாலு மீட்டர்" என்று குரல் கொடுத்தார். மனைவி அதோடு அணியத்தின் உயரமான 1.2 மீட்டரைத் தோராயமாக 1 என்று கூட்டி, ஐந்தால் பெருக்கி, 25 மீட்டர் சங்கிலியை விட்டார்.

அந்த 4.2 மீட்டர், படகின் அடிப்பகுதிக்குக் கீழே இருந்த நீரின் அளவு. தரை தட்டாமல் ஓட்டுவதற்கு அதுவே வசதி என்பதால், கருவியை அப்படி அமைத்துவைத்தவர் கணவர்தான். நீர்மட்டத்திலிருந்து உள்ள முழு ஆழம் என்றே மனைவி 14 மாதங்களாக எண்ணியிருந்தார். எனவே அவர்கள் நங்கூரமிட்ட ஒவ்வோர் இரவும் கணக்கில் 1.8 மீட்டர் குறைந்தே வந்தது. அன்றைக்கு உண்மையான ஆழம் 6 மீட்டர்; அணியத்தின் உயரத்தையும் சேர்த்தால் 7.2. ஐந்து மடங்கு என்று நினைத்து விட்ட சங்கிலி உண்மையில் மூன்றரை மடங்குதான். வெள்ளம் உச்சியில் நிற்கும்போது ஆழமும் உயரமும் சேர்ந்து 9.8 மீட்டராகும் என்பதால் அதுவும் இரண்டரை மடங்காகத் தேய்ந்துவிடும். அந்த வெள்ளத்தின் ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் 49 மீட்டர் சங்கிலி தேவைப்பட்டிருக்கும். அவர்களிடம் 50 மீட்டர் இருந்தது.

சங்கிலியின் நீளம் எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். நங்கூரம் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. தரைக்குள் புதைவதால்தான் பிடிக்கிறது. இழுப்பு தரையை ஒட்டிக் கிடைமட்டமாக வந்தால் அது மேலும் மேலும் புதையும். சங்கிலி போதாமல் இழுப்பு மேல்நோக்கித் திரும்பினால் அதே விசை நங்கூரத்தைப் பிடுங்கி எடுத்துவிடும்.

கீழே மணலும் அதன்மேல் திட்டுத்திட்டாகக் கடற்புல்லும் இருந்தன. 1933இல் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் காப்புரிமை பெற்ற கலப்பை நங்கூரத்தின் வழிவந்த வடிவங்கள் மணலிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிப்பவை. அடர்ந்த புல்லில் நங்கூரத்தின் கூரிய அலகு வேர்களுக்கிடையே சிக்கிக்கொள்ளுமே தவிர, மணல்வரை இறங்காது. அப்படிச் சிக்கியிருந்தாலும் மென்மையான இழுப்புக்கு அது பிடித்திருப்பது போலவே தோன்றும். பொழுது சாய்ந்துவிட்டதால் இருவரும் நீரில் இறங்கிப் பார்க்கவில்லை. இயந்திரத்தைச் சில நொடிகள் மட்டும் பின்னோக்கி இயக்கி, படகு நின்றதைக் கண்டு நிறைவடைந்தார்கள். புல்திட்டுகளுக்கு நடுவே வெளிறித் தெரியும் மணலைத் தேடி நங்கூரத்தை இடுவது படகுக்கும் நல்லது. ஒருமுறை வேரோடு பெயர்ந்தால் மீண்டும் மூட நெடுங்காலம் எடுக்கும் அந்தப் புல்வெளிக்கும் நல்லது.

மாலை 6 மணிக்கு மனைவி குறிப்பேட்டில் காற்றழுத்தத்தை 1011 மில்லிபார் என்று எழுதினார்; நண்பகலில் அது 1016 ஆக இருந்தது. "கொஞ்சம் வேகமாக இறங்குகிறது" என்று கணவரிடம் சொல்லவும் செய்தார். முகப்பு வருவது விடியற்காலையில்தானே என்றார் கணவர். வேறு குடாவுக்குப் போகலாமா என்றும் பேசினார்கள். அடுத்த ஒதுக்கு 9 கடல் மைல் தொலைவில் இருந்தது. இருட்டிய பிறகு, விளக்கில்லாத மீன்கூடுகளின் மிதவைகளுக்கிடையே போய்ச் சேர வேண்டியிருந்திருக்கும். அதனால் தங்க முடிவு செய்தார்கள். அந்த முடிவில் எனக்குக் குறை தோன்றவில்லை. தங்குவது என்று தீர்மானித்த பிறகும், மெல்லிய தென்காற்றுக்கு விட்ட அதே சங்கிலியோடு உறங்கப் போனதைத்தான் ஏற்க முடியவில்லை.

இரவு 11:05 முதல் 11:27 வரை

குளிர்முகப்பு சில மணி நேரம் முன்னதாகவே வந்தது. 11:05 அளவில் காற்று ஒரேயடியாக 110 பாகைக்கு மேல் திரும்பி வடமேற்கிலிருந்து 32 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 59 கி.மீ. வேகத்தில் வீசத் தொடங்கியது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். எதிர்பார்த்த 15 நாட்டுக்கு 32 என்றால் வேகம் இரு மடங்குதான் என்று தோன்றும். படகின் மேல் விழுந்த விசையோ நான்கரை மடங்கு. படகு எதிர்ப்பக்கம் சுழன்றபோது நங்கூரம் புல்லோடு பெயர்ந்தது. அலகில் பந்துபோல் புல் சுற்றிக்கொண்டதால் அதனால் மறுபடி புதைய முடியவில்லை.

நங்கூர எச்சரிக்கை 11:14க்குத்தான் ஒலித்தது. கணவரின் கைப்பேசியில் இருந்த அந்தச் செயலி, நங்கூரம் விழுந்த இடத்தை மையமாகக் கொள்ளவில்லை. படகு பின்வாங்கி நின்ற பிறகு, அது நின்ற இடத்தையே மையமாகக் கொண்டிருந்தது. பொய்யாக ஒலித்து உறக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஆரத்தையும் 80 மீட்டருக்கு விரித்து வைத்திருந்தார்கள். தடத்தைப் பார்த்தால், ஒலி கேட்ட நொடியில் நங்கூரம் ஏற்கெனவே 35 மீட்டருக்கு மேல் இழுபட்டிருந்தது தெரிகிறது.

அடுத்து நடந்ததே இந்த ஆய்வின் மையம் என்று கருதுகிறேன். இருவரும் மேல்தளத்துக்கு வந்தார்கள். கணவர் "நான் முன்னே போகிறேன், நீ சுக்கானைப் பிடி" என்று சொல்லிவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் அணியத்துக்கு ஓடினார். அலையில் எகிறிக்கொண்டிருந்த ஈரமான அணியத்துக்கு மனைவியை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அக்கறையால் எடுத்த முடிவு அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவாக, 14 மாதங்களாக இருவரும் செய்துவந்த வேலைகள் அந்த நொடியில் இடம் மாறிவிட்டன. சங்கிலியை ஒரு முறைகூட தனியாகக் கையாளாதவர் அணியத்தில் நின்றார். காற்றை எதிர்த்துப் படகை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துப் பழகாதவர் சுக்கானில் நின்றார்.

நங்கூரத்தில் நிற்கும்போது சங்கிலியின் இழுப்பு சுழலியின் மேல் விழாதபடி, ஒரு கொக்கியைச் சங்கிலியில் மாட்டி, நைலான் கயிற்றால் அதைப் படகோடு கட்டியிருப்பார்கள். மேலும் சங்கிலி விட வேண்டுமானால் அந்தக் கொக்கியை முதலில் கழற்ற வேண்டும். அதற்கு இயந்திரத்தை முன்னோக்கி இயக்கிச் சங்கிலி தொய்யும்வரை காத்திருக்க வேண்டும். இதை மனைவி நூறு முறைக்கு மேல் செய்தவர். "சங்கிலி உருளியில் உரசுகிற சத்தம் நின்ற பிறகுதான் நான் கையை வைப்பேன்" என்று என்னிடம் சொன்னார். இதைக் கணவர் அறிந்திருக்கவில்லை. அவர் சுழலியின் பிடியைத் தளர்த்திவிட்டு, "முன்னே!" என்று கத்தினார். காற்றில் அந்தச் சொல் பின்னே போய்ச் சேரவில்லை. காத்திருக்காமல் இறுகிய சங்கிலியிலிருந்து கொக்கியை அவர் நெம்பியதும் அது தெறித்துக் கழன்றது. சங்கிலி பாய்ந்து ஓடியது. அவருடைய இடக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் சங்கிலிக்கும் உருளிக்கும் இடையே நசுங்கின. கையை இழுத்துக்கொண்ட அவர், வலக்கையால் பிடியைத் திருகி இறுக்கி ஓட்டத்தை நிறுத்தினார். அதற்குள் 15 மீட்டர் சங்கிலி வெளியே போயிருந்தது. அப்போது 11:19.

அவர் தவழ்ந்தபடி பின்னே வந்தார். மனைவி சுக்கானை விட்டுவிட்டுப் போகவில்லை. போகத் துடித்ததாகவும், விட்டால் இருவருமே பாறையில் போய் விழுவோம் என்று தெரிந்ததால் நின்றதாகவும் சொன்னார். தானியங்கிச் சுக்கானிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சுக்கான் வேலை செய்ய அதன்மீது நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். படகு ஏறத்தாழ ஓரிடத்திலேயே நிற்கும்போது எந்தத் தானியங்கியாலும் அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்திருக்க முடியாது. கணவர் சமையற்கட்டிலிருந்து துணியை எடுத்துக் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியபடி படிக்கட்டில் அமர்ந்தார். விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றும்படி மனைவிதான் சொன்னார். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அதை உருவினார். அந்த விரலைக் காப்பாற்றியதில் இந்தச் செயலுக்குப் பங்குண்டு என்று மருத்துவர் பின்னர் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவுக்கும் நடுவே உதவி கேட்டு அழைக்க 8 நிமிடம் ஆனது. இவ்வளவு சிறிய விஷயத்துக்கு அழைக்கலாமா என்ற தயக்கமே காரணம் என்று இருவரும் தனித்தனியாக ஒரே சொற்களில் சொன்னார்கள்.

உதவிக்கு அழைத்ததும் அதன் பிறகும்

படகில் நிலையாகப் பொருத்திய வானொலி கீழே இருந்தது. கணவர் ஒரு கையால் கைவானொலியை எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தார். அவர் அதுவரை அதில் பேசியதில்லை. அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில், "எங்கள் நங்கூரம் இழுபடுகிறது, ஒருவருக்குக் காயம், உதவி வேண்டும்" என்றார். 'மேடே' என்றோ 'பான்-பான்' என்றோ சொல்லவில்லை. படகின் பெயரையும் இடத்தையும் சொல்லவில்லை. குடாவில் நின்ற மற்றொரு படகிலிருந்தவர்கள் அதைக் கேட்டு, விடுபட்டவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கடலோரக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தார்கள். உயிருக்கோ கலத்துக்கோ உடனடிப் பெரும் ஆபத்து இருக்கும்போது சொல்ல வேண்டியது 'மேடே'; அவசரம்தான், ஆனால் அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றால் 'பான்-பான்'. இயங்க முடியாத ஒருவர், பின்னே பாறை, நிற்காத படகு ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த நேரத்தில் 'மேடே' என்று அழைத்திருந்தால் யாரும் அதை மிகை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே, விபத்தில் ஓடிய அந்த 15 மீட்டர் சங்கிலியே படகைக் காப்பாற்றியது. இழுபட இழுபட நங்கூரம் புல்திட்டைத் தாண்டி வெறும் மணலுக்கு வந்திருந்தது. அங்கே ஆழமும் 7 மீட்டராகக் குறைந்திருந்தது. வெளியே இருந்த 40 மீட்டர் சங்கிலி இப்போது ஏறத்தாழ ஐந்து மடங்கு. தடத்தின்படி நங்கூரம் மொத்தம் 80 மீட்டர் இழுபட்ட பிறகு மணலில் புதைந்தது. படகின் பின்முனைக்கும் பாறைக்கும் இடையே 70 மீட்டர் இருந்தது.

படகு நின்றுவிட்டது மனைவிக்குத் தெரியவில்லை. இருட்டில், காற்றில் இருபுறமும் ஊசலாடும் படகிலிருந்து அதை அறிவது எளிதன்று. அவர் கரையில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொண்டார்: ஒரு வீட்டின் மஞ்சள் சன்னல் வெளிச்சம், அதற்கு முன்னே பாறை முனையில் இருந்த வெள்ளை விளக்கு. 11:50க்கு இயந்திரத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வாய்விட்டு அறுபது வரை எண்ணினார். படகு இடமும் வலமும் ஆடியபோது விளக்குகள் விலகின. ஒவ்வொரு முறையும் அதே அளவு விலகி, திரும்பவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. நங்கூரம் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் நம்பினார். பிறகு இயந்திரத்தை மெதுவாக முன்னோக்கி இயக்கி, சங்கிலியின் மேல் விழும் பாரத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தார். யாரும் கற்றுத்தராமல் அந்த நேரத்தில் அவர் செய்த இந்தச் சோதனை, பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தர வேண்டிய ஒன்று.

நங்கூரத்தையே விட்டுவிட்டு வெளியேறும் வழி அவர்களுக்கு இல்லாமலிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கயிற்றின் கடைசி முனை, உள்ளறையில் துருப்பிடித்த இரும்பு வளையத்தால் பூட்டப்பட்டிருந்தது. தேவைப்பட்டிருந்தாலும் கழற்றியிருக்க முடியாது.

மீட்புப் படகு 12:40க்கு வந்தது. கணவரை ஏற்றிக்கொண்ட பிறகு, மீட்புக் குழுவினர் ஒருவர் மனைவியோடு இருந்து, கொக்கியை மறுபடி மாட்டி, விடியும்வரை காவல் இருந்தார். காலையில் நங்கூரத்தைத் தூக்கியபோது அலகின் மேல்முனையில் ஒரு குடம் அளவுக்குப் புல்லும் வேரும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பின்விளைவு

கணவரின் நடுவிரலில் நுனியெலும்பு முறிந்திருந்தது; மோதிர விரலின் நகப்படுகையைத் தைத்தார்கள். ஏழு வாரம் படகைத் துறைமுகத்தில் கட்டிவைத்துவிட்டுக் கரையில் தங்கினார்கள். நடுவிரல் முழுமையாக மடங்கவில்லை, குளிரில் வலிக்கிறது. படகில் கொக்கி கட்டிய கயிறு தேய்ந்ததைத் தவிர வேறு சேதமில்லை. முதல் மாதம் இருவரும் அந்த இரவைப் பற்றிப் பேசவில்லை. ஆழமானியின் விவரம் என்னுடைய கேள்வியின்போதுதான் வெளிப்பட்டது. "எங்கிருந்து அளந்த நாலு மீட்டர்?" என்று கேட்டேன். இருவரும் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு விடை சொன்னார்கள்.

எது பிழை

வானிலை முன்னதாக வந்ததும், நங்கூரத்தின் வடிவமுமே காரணம் என்று கணவர் முதலில் கருதினார். புதிய வகை நங்கூரம் வாங்குவதே தீர்வு என்றும் சொன்னார். வாங்கட்டும்; அது நல்லதே. ஆனால் எந்த நங்கூரமும் இரண்டரை மடங்கு சங்கிலியில், புல்லின் மேல், அந்தக் காற்றைத் தாங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

பிரிந்து கிடந்த அறிவே இதன் வேர் என்பது என் கருத்து. ஆழமானி என்ன காட்டுகிறது என்பது ஒருவருக்கும், அந்த எண்ணை வைத்து எவ்வளவு சங்கிலி விட வேண்டும் என்பது மற்றவருக்கும் தெரிந்திருந்தது. அழுத்தமானியின் எச்சரிக்கை ஒருவரிடமும், முடிவெடுக்கும் பழக்கம் மற்றவரிடமும் இருந்தன. நாளாந்தம் இது இடையூறின்றி நடந்தது. சொல்லப்போனால், இணக்கமான வாழ்க்கையின் அடையாளமாகவே தோன்றியது. இருவர் மட்டுமே உள்ள படகில் ஒருவர் வீழ்ந்தால் மிஞ்சுவது ஒருவர்தான் என்பதும், அந்த ஒருவர் எவர் என்று முன்கூட்டித் தெரியாது என்பதும் அந்த இணக்கத்தில் மறைந்துபோயின. இன்னொன்றையும் கவனித்தேன். உரையாடலில் மனைவி "என் நங்கூரம்" என்றே சொன்னார். அன்றிரவு வழக்கம்போல அவரே அணியத்தில் நின்றிருந்தால், சங்கிலி தொய்ந்த பிறகுதான் கையை வைத்திருப்பார். ஆபத்து நேரத்தில் மனைவியை முன்னே அனுப்புவது கடினம்தான். ஆனாலும் அந்த இடத்தில் பாதுகாப்பாக வேலை செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

மாற்றிக்கொண்டவை

ஒரு நாள் ஒருவர் அணியத்தில் நின்றால் மறுநாள் மற்றவர் நிற்கிறார். இதில் முதல் மாதம் சச்சரவு மிகுந்தது என்றும், அதைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்ததாகவும் இருவரும் சொன்னார்கள். சங்கிலியைப் பகல் ஆழத்துக்கு விடாமல், இரவின் உச்ச வெள்ளத்துக்குக் கணக்கிட்டு விடுகிறார்கள். இடம் போதாத குடாவில் தங்குவதில்லை. இயந்திரத்தைப் பின்னோக்கிச் சில நொடிகள் இயக்குவதோடு நிறுத்தாமல், படிப்படியாக வேகத்தைக் கூட்டி அரை நிமிடம் இழுத்துப் பார்க்கிறார்கள். எச்சரிக்கைச் செயலி இரண்டு கைப்பேசிகளிலும் இருக்கிறது. நங்கூரம் தரையைத் தொடும் நொடியிலேயே மையத்தைக் குறிக்கிறார்கள். துருப்பிடித்த வளையத்தை அகற்றி, கத்தியால் அறுக்கக்கூடிய மெல்லிய கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். வானொலிக்கு அருகே, என்ன சொல்ல வேண்டும் என்பதை வரிசையாக எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது. மாதம் ஒருமுறை இருவரும் அதைப் பொத்தானை அழுத்தாமல் வாய்விட்டுப் படிக்கிறார்கள். இருட்டில் குரல் கேட்காது என்பதால், முன்னே இருப்பவர் கைவிளக்கால் காட்டும் மூன்று சைகைகளை வகுத்துக்கொண்டார்கள். அழுத்தம் மூன்று மணி நேரத்தில் மூன்று மில்லிபாருக்கு மேல் இறங்கினால், வானிலை அறிவிப்பு என்ன சொன்னாலும் கூடுதல் சங்கிலி விடுவது என்று ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அதை அறிவிக்கும் உரிமை இருவருக்கும் சமம்.

ஆழமானியை அவர்கள் மாற்றி அமைக்கவில்லை. அடிப்பகுதிக்குக் கீழே உள்ள நீரை அறிவதுதான் ஓட்டும்போது தேவை என்று கணவர் இன்னும் கருதுகிறார். மனைவியும் யோசித்து அதை ஏற்றுக்கொண்டார். அதற்கு மாற்றாக, திரையின் கீழே 'இதோடு 1.8 கூட்டவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சுக்கானில் நிற்பவர் எவரானாலும், கூட்டிய எண்ணோடு "நீர்மட்டத்திலிருந்து" என்ற சொல்லையும் சேர்த்தே குரல் கொடுக்கிறார். அணியத்தில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சங்கிலி இறங்குகிறது.